பல் பார்க்கிறவரின் பல்

“ஊரு ஆட்டுக்கெல்லாம் பல்லு பாக்குறியே, ஒம் பல்ல யாருப்பா பாக்குறது?”

கௌசல்யா இதைக் கேட்டபோது அவளுக்கு ஐந்து வயது. அய்யலூர் சந்தையில் அப்பாவின் தோளில் உட்கார்ந்துகொண்டு, எல்லோர் காதிலும் விழும்படி கேட்டாள். சுற்றி நின்ற வியாபாரிகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். “ஏலே கண்ணுசாமி, வாயத் தொற. எத்தன பல்லுன்னு பாத்து வெல சொல்றோம்” என்றான் ஒருவன். கண்ணுசாமியும் சேர்ந்து சிரித்தார்.

அந்தக் கௌசல்யா இப்போது திருச்சியில் நர்சிங் படிக்கிறாள். அப்பாவின் பல்லை இன்னும் யாரும் பார்த்தபாடில்லை.

கண்ணுசாமி ஆட்டுத் தரகர். கட்டைவிரலால் ஆட்டின் கீழுதட்டை விலக்கி, ஒரு பார்வை பார்த்தால் அவருக்குப் போதும். பால்பல்லா, இரண்டு பல்லா, நான்கு பல்லா, தேய்ந்த கிழமா என்று சொல்லிவிடுவார். அவர் சொன்னால் சந்தையில் மறுபேச்சில்லை. துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசும்போதுகூட அவர் எதிராளியின் முகத்தைப் பார்க்கமாட்டார், ஆட்டின் வாயைத்தான் பார்ப்பார். கண்தான் அவருடைய முதல், அதுதான் அவருடைய சோறு.

சித்திரையில் அந்தக் கண்ணுக்கே வினை வந்தது. மேல்வரிசையில் கோரைப்பல்லுக்குப் பக்கத்தில் ஒரு பல் வெகுநாளாகவே சொத்தை. வலி வரும்போதெல்லாம் கிராம்பை வைத்துக் கடித்தார். கிராம்பு கேட்காதபோது புகையிலையை அடக்கிக்கொண்டார். வலி மரத்தது, சொத்தை மரக்கவில்லை. ஒருநாள் காலையில் எழுந்தபோது கன்னம் இட்லி மாதிரி உப்பி, வீக்கம் மேலேறி, இடது கண் பாதி மூடியிருந்தது.

“ஏய்யா, கண்ணாடில மொகத்தப் பாத்தியா?” என்றாள் மனைவி மூக்காயி. “பல்லாஸ்பத்திரிக்குப் போனா என்ன, தலையையா எடுத்துருவாக?”

“நீ ஒண்ணும் பேசாத. சிறுமலைல எங்க மாமா மேல்பல்லப் பிடுங்கினாரு, மறுவருசமே கண்ணு போச்சு. பல்லத் தொடாமலே எனக்குக் கண்ணு மூடுது. தொட்டா என்ன ஆகும்?”

“அவருக்குச் சக்கரை இருந்துச்சு. அதச் சொல்ல மாட்டியே!”

போனில் கௌசல்யா அழுதாள். மகளின் அழுகைக்கு மட்டும் கண்ணுசாமியிடம் மாற்று வழி கிடையாது. அன்றே மூக்காயி அவரைத் திண்டுக்கல்லுக்கு அழைத்துப் போய், பேகம்பூரில் டாக்டர் மஹ்ஜபீனின் பல் மருத்துவமனையில் உட்காரவைத்தாள்.

டாக்டர் சின்ன வயசுப் பெண். வாய்க்குள் விளக்கைப் பிடித்துப் பார்த்தார், எக்ஸ்ரே எடுத்தார். பிறகு பொறுமையாகச் சொன்னார்.

“பல்லுக்குள்ள இருக்கிற நரம்பு செத்துப் போயி, வேருக்கு மேல சீழ் கட்டியிருக்கு அய்யா. அந்தச் சீழ்தான் கண்ணுக்குக் கீழ வீங்குது. இப்படியே விட்டா பரவும், அது உயிருக்கே ஆபத்து. ஆனா பல்ல எடுக்க வேண்டியதில்ல. வேர் வலுவா இருக்கு. மரத்துப்போக ஒரு ஊசி போட்டு, பல்லத் தொறந்து சீழ எறக்கிருவோம். அப்புறம் ரெண்டு மூணு தடவ வந்தீங்கன்னா உள்ள சுத்தம் பண்ணி, மருந்து வச்சு அடைச்சு, மேல ஒரு உறை போட்டுரலாம்.”

பல்லை எடுக்க வேண்டியதில்லை என்பது கண்ணுசாமியின் காதில் ஏறவில்லை. மேல்பல்லில் ஊசி என்பது மட்டும் ஏறியது. “செத்த நேரம் தாயி, வாரேன்” என்று எழுந்தவர், விறுவிறுவென்று வெளியே வந்து செருப்பைத் தேடினார்.

செருப்புக்குப் பக்கத்து பெஞ்சில் அப்துல் கையூம் உட்கார்ந்திருந்தார். பேகம்பூரில் தோல் மண்டி வைத்திருக்கும் பெரிய மனிதர். வெள்ளைச் சட்டையில் சுருக்கம் விழாமல் நடப்பவர். சந்தையில் கண்ணுசாமிக்குப் பார்த்த முகம்தான், பேசிப் பழக்கமில்லை.

“என்ன கண்ணுசாமி, அவுத்து விட்ட கெடா மாதிரி ஓடுற?”

ஓடுகிற அவசரத்தில் கண்ணுசாமி உள்ளதைச் சொல்லிவிட்டார். மாமாவின் கண், தன் கண், தொழில், எல்லாவற்றையும். மூக்காயி கதவோரம் நின்று தலையில் அடித்துக்கொண்டாள்.

கையூம் பாய் சிரிக்கவில்லை. “ஆட்டுக்கு மேல முன்பல்லு இருக்கா?” என்று கேட்டார்.

“இல்லையே பாய். கீழ மட்டுந்தான். மேல வெறும் ஈறு.”

“அதுக்குக் கண்ணு தெரியுதா, தெரியலையா?”

ஆயுள் முழுக்க ஆட்டின் வாயைப் பார்த்த கண்ணுசாமிக்கு இது ஒருநாளும் தோன்றியதில்லை. ஆனாலும் பயம் அத்தனை லேசில் விடுகிற சாமானா? “அது வாயில்லா சீவன் பாய். மனுசன் வேற” என்றார்.

பாய் வாசலைப் பார்த்தார், உள்ளே பார்த்தார். மூக்காயியை, “தங்கச்சி, எனக்குக் கொஞ்சம் தண்ணி வாங்கிட்டு வாரீங்களா?” என்று அனுப்பினார். பிறகு தோளில் கிடந்த துண்டை எடுத்து, சந்தையில் விலை பேச விரிப்பதுபோல முகத்துக்கு முன்னால் மறைத்துப் பிடித்து, அதற்குள் வரும்படி கண்ணுசாமிக்குச் சாடை காட்டினார்.

துண்டுக்குள் பாய் தன் பல்செட்டைக் கழற்றினார். அந்தக் கம்பீரமான முகம் ஒரு நொடியில் குழிந்து, பச்சைக் குழந்தையின் வாயாகிவிட்டது. மேலே ஒரு பல்கூட இல்லை.

“எல்லாம் போச்சு” என்றார் பாய், காற்றுப் போகும் குரலில். “பயந்து பயந்தே ஒண்ணொண்ணா விட்டேன். கண்ணு நல்லாத்தான் இருக்கு, பேப்பர் படிக்கிறேன். ஆனா கறி மெல்ல முடியல. எம் பேத்தி என்னை இப்படிப் பாத்ததில்ல. எங்க வீட்ல உள்ளவங்களுக்குக்கூடக் காட்ட மாட்டேன். ஒனக்குக் காட்டுறேன். ஒன் பல்லு பொழைக்கும்னு டாக்டர் பிள்ள சொன்னது இங்க வரைக்கும் கேட்டுச்சு. போயி ஒக்காரு அப்பு.”

பல்செட்டை மாட்டிக்கொண்டு துண்டை உதறித் தோளில் போட்டபோது, அவர் பழைய பெரிய மனிதராகவே இருந்தார். மூக்காயி தண்ணீரோடு வந்தபோது கண்ணுசாமி உள்ளே நாற்காலியில் உட்கார்ந்து வாயைத் திறந்திருந்தார்.

ஊசி எறும்புக்கடிதான். சீழ் இறங்கியது. மாத்திரையும் வேலை செய்ய, வீக்கம் வடிந்து கண் முழுசாகத் திறந்துகொண்டது. அடுத்தடுத்த வாரங்களில் வேர் சிகிச்சை முடிந்து, பல்லுக்கு உறையும் வந்தது. பல் சுத்தம் செய்யலாம் என்று டாக்டர் சொன்னபோது மட்டும் அவர் கொஞ்சம் பின்வாங்கினார். “பல்லெல்லாம் ஆடிரும்பாங்களே தாயி?”

“சுத்தம் பண்றதால ஆடாது அய்யா. அழுக்கு ஈறத் தின்னுட்டாத்தான் ஆடும். பொகையிலைய விடுங்க. ராத்திரியும் பல்லு வெளக்குங்க.”

“ராத்திரியுமா? ஆடுகூட ராத்திரி சும்மாதான தாயி இருக்கு?”

“அது நாளெல்லாம் பச்சைய மேயுது அய்யா. நீங்க காராச்சேவும் டீயுமா மேயுறீங்க” என்றார் டாக்டர். மூக்காயி சிரித்த சிரிப்பு வெளி பெஞ்சு வரை கேட்டது. கண்ணுசாமி புகையிலையை விட்டார். ராத்திரியும் பல் விளக்கினார். இறைவன் சில நேரம் ஒரு மனிதனின் வெட்கத்தைக் கொண்டே இன்னொருவனின் பயத்தைத் தீர்த்துவைக்கிறான் என்று அவருக்குப் பட்டது.

பக்ரீத்துக்கு முந்தின வியாழக்கிழமை, சந்தையில் எள் போட்டால் எள் விழாத கூட்டம். கண்ணுசாமி பெருநாள் விற்பனைக்குத் தான் வாங்கிய ஆடுகளோடு ஓரமாக நின்றிருந்தபோது கையூம் பாயின் குரல் கேட்டது. புது மருமகனும் சம்பந்தி வீட்டாரும் கூட இருந்தார்கள். பாய் கையில் ஒரு கறுப்புக் கிடா.

“நாப்பது வருசமா தோலத் தடவிப் பாக்குறவன் நான். தரகனே வேணாம். தோலோட மினுமினுப்பே சொல்லும், இது ஒரு வயசு தாண்டுன கெடான்னு” என்று பாய் சொல்ல, மருமகன் பயபக்தியோடு தலையாட்டினான்.

கிடா அழகுதான். ஆனால் அது கத்தியபோது வாய் திறந்த அந்த ஒரு நொடியே கண்ணுசாமிக்குப் போதுமாயிருந்தது. அத்தனையும் பால்பல். தீனி போட்டுக் கொழுக்கவைத்த குட்டி. பெருநாளில் குர்பானி கொடுக்கும் வெள்ளாடு ஒரு வயது நிரம்பியிருக்க வேண்டும். முன்னால் இரண்டு பெரிய பல் முளைத்திருப்பதுதான் சந்தையில் அதற்கு அடையாளம். இது வீட்டுக்குப் போனால் பெருநாள் காலையில் யாராவது உதட்டை விலக்கிப் பார்ப்பார்கள், பாய்க்குத் தலைகுனிவு. யாரும் பார்க்காவிட்டால் குர்பானிக் கடமை நிறைவேறாமலே போகும்.

இப்போதே போய்ச் சொல்லிவிடலாம். ஆனால் சம்பந்தி வீட்டார் முன்னால் அந்தக் கம்பீர முகம் எப்படிக் குழியும் என்று கண்ணுசாமிக்குத் தெரியும். ஒருமுறை பார்த்திருக்கிறார்.

பாய் கிடாவைச் சுமை வண்டியின் பின்கம்பியில் கட்டிவிட்டு, எல்லோரையும் டீக்கடைக்கு அழைத்துப் போனார். டிரைவரும் பின்னாலேயே போனார்.

கண்ணுசாமியின் ஆடுகளில் ஒரு கறுப்புக் கிடா இருந்தது. அதே உயரம், அதைவிட எடுப்பு, தெளிவாக இரண்டு பல். நல்ல விலைக்கென்று நிறுத்திவைத்திருந்தது. அதை ஓட்டிக்கொண்டு போய், வண்டி மறைவில் குட்டியின் கழுத்துக் கயிற்றை அவிழ்த்து இதன் கழுத்தில் மாட்டினார். தன் பையிலிருந்த சாயத்தை எடுத்து, குட்டியின் கொம்பில் இருந்த சிவப்பைப் போலவே இதன் கொம்பிலும் தடவினார். இரண்டு ஆடுகளும் கத்தக்கூட இல்லை.

திரும்பி வந்த பாய் கிடாவின் முதுகைத் தடவி, “பாத்தீங்களா தோல! தேய்க்கத் தேய்க்க மினுமினுப்புக் கூடுது” என்றார். வண்டி கிளம்பிப் போனது.

சாயங்காலம் குட்டியோடு வந்த கணவனைப் பார்த்து, “இதென்ன, விக்காமத் திரும்பி வந்துருக்கு?” என்றாள் மூக்காயி.

“இன்னும் பல்லுப் போடல” என்றார் கண்ணுசாமி. “போடட்டும். நம்ம வீட்லயே வளரட்டும்.”

குட்டிக்கு அகத்திக்கீரையைக் கட்டித் தொங்கவிட்டுவிட்டு, அவர் கைகால் கழுவப் போனார்.