மூன்று மூட்டை உப்பு

மலை விடுதியின் நீச்சல் குளத்து மெஷினில் காலை ஏழு மணிக்கே சிவப்பு விளக்கு எரிந்தது. தண்ணீரில் உப்பு குறைவு என்று அர்த்தம். அந்த உப்பிலிருந்துதான் மெஷின் குளோரின் எடுத்துத் தண்ணீரைச் சுத்தம் செய்யும்.

"மூணு மூட்டையை அவுத்துக் கொட்டும்மா. மத்தியானம் கெஸ்ட் வர்றாங்க" என்றார் மேனேஜர் அருள்ராஜ்.

மூன்று வருடமாகக் குளத்தைப் பார்த்துக்கொள்ளும் சுகுணா அசையவில்லை. "நேத்துச் சாயங்காலம் பார்த்தேனுங்க, உப்பு சரியாத்தான் இருக்குது. தை மாசக் குளுருல தண்ணி சில்லுன்னு ஆச்சுன்னா மெஷினு இப்படித்தான் தப்பாக் காட்டும். வெயில் ஏறுனா அணைஞ்சிருமுங்க."

அருள்ராஜ் மலையடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டிக்காரர். மலையேறி இருபது நாள்தான் ஆகிறது. மலைக் குளிரை அவர் எங்கே கண்டார்? "மெஷினுக்குத் தெரியாதது உனக்குத் தெரியுமாக்கும்!"

சுகுணாவுக்குச் சுருக்கென்றது. போன தையில் அவளும் இதே விளக்கை நம்பி உப்பைக் கொட்டியவள்தான். வெயில் வந்ததும் அளவு எகிறிவிட்டது. கொட்டிய உப்பைத் திரும்ப எடுக்க முடியுமா? பாதித் தண்ணீரைத் திறந்துவிட்டார்கள். அது இறங்கிய இடம் அவளுடைய மிளகுத் தோட்டம். பதினோரு கொடி கருகிப்போனது. மீதி இருபது இப்போதுதான் காய் முற்றி நிற்கிறது.

"பன்னெண்டு மணி வரைக்கும் பொறுங்க. அணையலீன்னா நானே வேலையை உட்டுட்டுப் போயிர்றேனுங்க" என்று வாயை விட்டாள்.

அன்றைக்கென்று பார்த்து மூடுபனி விலகவேயில்லை. பன்னிரண்டுக்கும் விளக்கு சிவப்பாகவே எரிந்தது. சாவியை மேஜைமேல் வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தாள். வழியெல்லாம் அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

இரண்டு மணிக்கு வெயில் சுள்ளென்று அடித்தது. மூன்றரைக்கு அருள்ராஜ் மூச்சிரைக்க அவள் வாசலில் வந்து நின்றார்.

"சிவப்பு அணைஞ்சிருச்சு சுகுணா."

"உப்பைக் கொட்டலீங்கல்ல?"

அவர் வேலியைப் பார்த்தார். "நீ போன கையோட மூணு மூட்டையும் கொட்டிட்டேன். இப்ப உப்பு ஜாஸ்தின்னு மெஷினே நின்னுபோச்சு. தண்ணியத் திறக்கோணும். வேலைக்கு வந்துரு சாமி."

உள்ளே போன சுகுணா இரண்டு மம்பட்டியோடு வந்து ஒன்றை அவர் கையில் கொடுத்தாள்.

"தோட்டத்துக்கு மேல வாய்க்கால் வெட்டித் தண்ணியப் பாறைப் பக்கம் திருப்போணுங்க. நீங்க அந்தக் கோடியில இருந்து வெட்டிக்கிட்டு வாங்க. ரெண்டு பேரும் நடுவுல சேர்ந்த பொறவுதான் வால்வைத் தொடுவேன்."

அருள்ராஜ் பேண்ட்டை முழங்கால்வரை மடித்துவிட்டார்.