கப்பல் தாத்தாவின் கல்லறை

கல்லறைத் தோட்ட அலுவலகத்தில் அவளுக்கு வேலை, பழைய கற்களில் உள்ள எழுத்தையும் சின்னங்களையும் பதிவேட்டில் ஏற்றுவது. செத்தவர்களால் ஒரு தொந்தரவும் இல்லை. அவர்களுடைய பேரப்பிள்ளைகள்தான் வந்து உயிரை எடுப்பார்கள். சிறகு முளைத்த மணற்கடிகாரத்தைக் காட்டி, "எங்க தாத்தா கடிகாரக் கடை வச்சிருந்தாரு" என்பார் ஒருவர். ஆயுள் பறந்துவிட்டது என்று அதற்கு அர்த்தம். முறிந்த தூணைக் காட்டி, "உடைச்சுப் போட்டிருக்கீங்களே, யார் பொறுப்பு?" என்று சண்டைக்கு வருவார் இன்னொருவர். அற்பாயுளில் போனவர்களுக்குத் தூணை அப்படித்தான் செதுக்குவார்கள் என்று அவள் பொறுமையாக விளக்குவாள்.

அவளால் சமாளிக்க முடியாத ஒரே ஆள் கணவனின் பெரியப்பா. அவருடைய மூதாதையரின் கல்லும் அதே தோட்டத்தில்தான் இருந்தது. பாதி மண்ணுக்குள் புதைந்து, சாய்ந்து நின்றது. மேலே ஒரு நங்கூரம், அதன் கீழே குடும்பப் பெயர். அவ்வளவுதான் வெளியே தெரிந்தது. பெரியப்பாவுக்கு அது போதும். அவர் ஒரு கப்பல் கேப்டனின் வாரிசாகிவிட்டார். படகில் கால் வைத்தாலே வாந்தி எடுக்கும் அந்த மனிதர், "கடல் எங்க ரத்தத்துல ஓடுது" என்று கல்யாண வீடுகளிலெல்லாம் முழங்கினார். போதாக்குறைக்கு, 'கப்பல் தாத்தா' என்று ஒரு புத்தகமும் எழுதி அச்சுக்குக் கொடுத்திருந்தார். புயல் மட்டுமே மூன்று அத்தியாயங்கள்.

"பெரிய மாமா, நங்கூரம்னா கல்லறையில நம்பிக்கைன்னுதான் அர்த்தம். கடலைக் கண்ணால பாக்காதவங்களுக்கும் போடுவாங்க" என்று அவள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள்.

"நீ ஆபீஸ்ல உக்காந்து எழுதுறவ. உனக்குக் கடலைப் பத்தி என்னம்மா தெரியும்?"

வெளியீட்டு விழாவில் வைக்கப் படம் வேண்டும், கல்லை நிமிர்த்தித் தா என்று அவரேதான் கேட்டார். அவள் இரண்டு ஆட்களைக் கடப்பாரையோடு வரவழைத்தாள். பெரியப்பா கோட்டு மாட்டிக்கொண்டு வந்து, கல்லுக்குப் பக்கத்தில் விறைப்பாக நின்றார். நாற்பது வருஷமாகப் புயல் கதை கேட்டே காது புளித்துப்போன அவர் மனைவி, பெரிய அத்தையும் கூட வந்திருந்தாள்.

கல் மேலே வந்தது. மருமகள் ஈரத் துணியால் மண்ணைத் துடைத்தாள். கோணல்மாணலாக எழுத்துகள் தெரிந்தன.

"படி, படி" என்றார் பெரியப்பா.

"ரொட்டி சுட்டு விற்று எங்கள் ஐவரையும் ஆளாக்கிய அம்மா. ஒருநாளும் நம்பிக்கை தளராதவள்" என்று படித்தாள். கீழே ஐந்து பிள்ளைகளின் பெயர்கள். முதல் பெயர் பெரியப்பாவின் தாத்தாவுடையது.

பெரியப்பாவின் முகம் படகில் ஏறியவர் முகம்போல் ஆனது.

"இன்னொரு தடவ படிம்மா" என்றாள் பெரிய அத்தை.

படித்தாள். இந்த முறை ஒவ்வொரு எழுத்தையும் விரலால் தொட்டுக்கொண்டே படித்தாள். கூலி குறைந்த கொத்தனாரைப் பிடித்து அந்த ஐந்து பேரும் செதுக்க வைத்திருக்க வேண்டும். 'அம்மா'வை மட்டும் ஆழமாக வெட்டியிருந்தான்.

"புருஷன் பேரு இருக்கா?"

"இல்ல அத்தை."

"நல்லவேளை. இருந்திருந்தா இவரு அந்த ஆளையே கேப்டனாக்கியிருப்பாரு" என்றாள் பெரிய அத்தை.

பெரியப்பா மூன்று நாள் யாரோடும் பேசவில்லை. நாலாம் நாள் தெளிந்துவிட்டார். அதைவிட அவர் பேசாமலே இருந்திருக்கலாம். வெளியீட்டு விழா மேடையில் ஏறி, மைக்கைப் பிடித்து, "உலகத்தின் முதல் பெண் கேப்டன் எங்கள் குடும்பத்தில் பிறந்தார்!" என்றார். கூட்டம் கை தட்டியது. அட்டையில் 'தாத்தா'வின் மேல் 'பாட்டி' என்று காகிதம் ஒட்டியிருந்தது. புயல் அப்படியே இருந்தது.

முன்வரிசையில் பெரிய அத்தை எழுந்து நின்றாள். மேடைப் பக்கமே போகாதவள்.

"கப்பலும் இல்ல, கிப்பலும் இல்ல. அவங்க ரொட்டி சுட்டாங்க. ஒத்தையா நின்னு அஞ்சு புள்ளைங்கள வளத்தாங்க. கல்லுல எழுதியிருக்கு, நான் கேட்டேன்" என்றவள், அந்த வரிகளை ஒரு எழுத்துப் பிசகாமல் ஒப்பித்தாள்.

மண்டபத்தில் எழுந்த கைதட்டல் அடங்கவே இல்லை. பெரியப்பா மைக்கை வைத்துவிட்டு நாற்காலியைத் தேடினார்.

அன்று புத்தகம் வாங்கியவர்கள் எல்லோரும் பெரிய அத்தையிடம்தான் கையெழுத்துக் கேட்டார்கள்.