கீதாவின் கல்யாணப் படம்

கல்யாணம் முடிந்த பன்னிரண்டாம் நாள் மாட்டுங்கா ஸ்டுடியோவிலிருந்து பெரிய படம் வந்தது. கணவன் மகேஷ்குமார் காகிதத்தைப் பிரித்தான். கீதா பார்த்தாள். புடவை அவளுடையது, மாலை அவளுடையது. முகம் மட்டும் வேறு யாருடையதோ.

பதினோரு வயதில் உதட்டோரம் தொடங்கிய வெண்படை, இடது கன்னத்தில் ஏறிக் கழுத்துவரை பரவியிருந்தது அவளுக்கு. பள்ளியிலும் ரயிலிலும் நாலு முறை பெண் பார்க்க வந்தபோதும் கேட்டவர்களுக்கெல்லாம் பதில் சொல்லிச் சொல்லி, ஒளிக்காமல் நடக்கப் பழகியவள். கல்யாணத்தன்றும் மேக்கப் பெண்ணை அதன்மேல் பூசவிடவில்லை. படத்திலோ துடைத்து எடுத்தாற்போல் கன்னம் பளபளத்தது.

"நல்லாத்தான இருக்கு," என்றாள் மாமியார் மீனாட்சியம்மாள். "ஊர்ல இருந்து ஆளுவ வந்தா பாக்கதுக்கு லெச்சணமா இருக்கும்லா."

"இது நான் இல்லத்தே."

மகேஷ்குமார் இருவரையும் பார்த்துவிட்டுப் படத்தை மறுபடி காகிதத்தில் சுற்றினான். அதுதான் கீதாவுக்கு அதிகம் வலித்தது.

மறுநாள் வேலை பார்க்கும் தோல்பைப் பட்டறையில் அரைநாள் லீவு சொல்லிவிட்டு ஸ்டுடியோவுக்குப் போனாள்.

"சாப்ட்வேர் தானா எடுத்துடும் மேடம். எல்லாரும் இப்படித்தான் கேக்கறா," என்றார் கடைக்காரர்.

"நான் கேக்கல."

மாற்றித் தருவதாகச் சொன்னார். நாலு நாள் கழித்துப் போனபோது கழுத்துத் திட்டுகள் மட்டும் திரும்பியிருந்தன. கன்னம் அப்படியே வழவழவென்று.

"உங்க நல்லதுக்குத்தான் மேடம்."

"என் நல்லத நான் பாத்துக்கிடுதேன். கேமராவுல எடுத்தத அப்படியே பென்டிரைவ்ல போட்டுக் குடுங்க." கைக்கு வரும்வரை நாற்காலியை விட்டு எழவில்லை.

பக்கத்து வீட்டு நூர் நிஷா பிரிண்டர் வைத்து, ஸ்கூல் ஃபாரங்களும் பாஸ்போர்ட் படங்களும் அடித்துக் கொடுப்பவள். "கடைப் படம் மாதிரி பெருசா வராது பாத்துக்கோ. இதுல ஏ-ஃபோர்தான். மையும் நெறைய குடிக்கும்," என்றாள்.

"குடிச்சா குடிக்கட்டும்க்கா."

முதல் தாளில் முகம் பச்சையடித்தது. இரண்டாவதில் மாலையெல்லாம் கோடு கோடாக. நூர் நிஷா பிரிண்டரைத் திறந்து மைத்துளைகளைச் சுத்தம் செய்து, பளபளப்புத் தாளைத் திருப்பிப் போட்டாள். மூன்றாவது தாள் மெல்ல மெல்ல வெளியே வந்தது. நெற்றி, கண்கள், பிறகு கன்னம். சிரிப்பில் மடிந்திருந்த வெள்ளைத் திட்டு. கீதா கை நீட்டினாள்.

"தொடாத, ஈரம்!"

வீட்டில் மீனாட்சியம்மாள் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். "இந்த மை ரெண்டு வருசத்துல வெளுத்துரும். கடைப் படம்னா காலத்துக்கும் நிக்கும்."

"வெளுத்தா மறுபடி அடிப்பேன் அத்தே. மூஞ்சி எங்கிட்டதான இருக்கு."

மகேஷ்குமார் எழுந்துபோய்ச் சுத்தியலை எடுத்து வந்தான். "எங்க மாட்டணும்?"

"வாசலுக்கு நேரா."

ஞாயிற்றுக்கிழமை பாண்டுப்பிலிருந்து சின்ன மாமியார் வந்தாள். படத்தைப் பார்த்தவள் மீனாட்சியம்மாளிடம் குரலைத் தாழ்த்தி, "கடையில சொல்லியிருந்தா சரிபண்ணிக் குடுத்திருப்பாவல்லா?" என்றாள்.

டீயோடு வந்த கீதா நின்றாள். "குடுத்தாவ சித்தி. நான்தான் வேண்டாம்னுட்டேன்."

சின்ன மாமியார் கீதாவின் முகத்தையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். கீதா கண்ணைத் தாழ்த்தவில்லை.

அன்று முழுக்க மீனாட்சியம்மாள் மருமகளோடு பேசவில்லை. ஆனால் படத்தைக் கழற்றச் சொல்லவும் இல்லை.