லியூவின் கல்

தூரிகை மையில் தோய்ந்தபோது செலீன் கைப்பையை இறுக்கிப் பிடித்தாள். பெயரை எழுதப்போகிறவர் இறந்துபோன மாமனாரின் தம்பி. நாலு மணிக்குக் கல்லறைக் கல்லில் பெயர் வெட்டுபவர் வந்து மாதிரியை வாங்கிப் போய்விடுவார். அதற்குள் அவள் வாய் திறந்தாக வேண்டும்.

கனடாவில், றிச்மண்ட் ஹில் மலர்ச்சாலையின் பக்கத்து அறையில் மாமனார் லியூ சவப்பெட்டிக்குள் கிடந்தார். பதினாறு வயதில் விளாடிவொஸ்ரொக் துறைமுகத்தில் மூட்டை தூக்கப் போனவர். அந்தக் கூலியில்தான் தம்பி படித்து வாத்தியாரானார். லியூவோ அங்கே ரஷ்யரும் சீனரும் சேர்ந்து உருவாக்கிய முறையில், லத்தீன் எழுத்தில் சீனம் எழுதப் பழகினார். ஊர் திரும்பிக் கூலியாட்களுக்கும் அதைக் கற்பித்தார். ஆயிரக்கணக்கான சீன எழுத்துகளைப் பாடமாக்க ஏழைக்கு எங்கே நேரம் என்பார். அது அந்நியனின் எழுத்து என்று தம்பி நையாண்டி பண்ணுவார். நீ வாசிக்கிற சீனப் பத்திரிகையில் காற்புள்ளி மட்டும் எங்கிருந்து வந்ததாம் என்று இவரும் விடமாட்டார்.

போன கிழமை ஆஸ்பத்திரியில், கல்லில் லத்தீன் எழுத்து மட்டும்தான் என்று மருமகளிடம் சத்தியம் வாங்கினார். மகன் ஜியானிடம் கேட்கவில்லை. அவன் சித்தப்பாவுக்குப் பயந்தவன்.

காலையில் அக்கா வேரோனிக்கா தொலைபேசியில் எச்சரித்திருந்தாள். "உது அவையின்ர குடும்ப விசயம். நீ வாயைப் பொத்திக்கொண்டு இரு."

செலீன் மாமனார் லத்தீன் எழுத்தில் தன் பெயரை எழுதித் தந்த காகிதத் துண்டை மேசையில் வைத்து, சத்தியத்தைச் சொன்னாள். செத்த வீட்டில் சண்டை வேண்டாம் என்று ஜியான் அவள் கையைப் பிடித்தான். சித்தப்பா துண்டைத் திரும்பியும் பார்க்கவில்லை. சீன எழுத்திலேயே எழுதி முடித்து, சம்மதக் கையெழுத்துக்காகக் காகிதத்தை அண்ணியிடம் நீட்டினார். எழுத்து கண்ணில் ஒற்றிக்கொள்ளும்படி இருந்தது. செலீனுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

மாமியார் காகிதத்தை மேலும் கீழும் பார்த்தார். அவருக்கு வாசிக்கத் தெரிந்ததெல்லாம் புருஷன் சொல்லித்தந்த லத்தீன் எழுத்து மட்டும்தான். வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த விசயம். அன்றைக்கு ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை, செலீனுக்கும்தான்.

மாமியார் மைத்துனரிடம் ஏதோ கேட்டார். ஜியான் அதை மனைவிக்கு மொழிபெயர்த்துச் சொன்னான்.

"அங்க எல்லாக் கல்லிலயும் இப்பிடித்தானே எழுதியிருக்கும். நான் பூக் கொண்டு தனிய வந்தா, இவர் எந்தக் கல்லுக்குக் கீழ எண்டு எனக்கு எப்பிடித் தெரியும்?"

சித்தப்பா வெறுங்காகிதம் ஒன்றை அண்ணியின் பக்கம் நகர்த்தினார். அண்ணி தன் புருஷனின் பெயரை லத்தீனில் ஒவ்வொரு எழுத்தாக எழுதி முடிக்கும்வரை, காகிதம் அசையாதபடி ஓரத்தை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார்.