இருபத்தொரு நாளும் ஓர் ஈர இருக்கையும்

தென்காசியிலிருந்து குற்றாலத்துக்கு இலகு ரயில் வரப்போகிறது. ஊரில் குட்டி ரயில் என்கிறார்கள். எந்த வேலை எந்தத் தேதியில் தொடங்கி எந்தத் தேதியில் முடிய வேண்டும் என்று நான்கு வருடத்துக்கும் திட்ட அட்டவணை போட்டவள் நான். பெயர் சங்கரேஸ்வரி, ஊர் தென்காசிக்குப் பக்கத்தில் இலத்தூர். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அட்டவணையில் இருபத்தொரு நாட்களை எதற்கும் ஒதுக்காமல் வைத்திருந்தேன். மழை, வேலைநிறுத்தம், நிலத் தகராறு என்று எது வந்தாலும் அதிலிருந்துதான் எடுக்க வேண்டும். கண்ணுக்குள் வைத்துக் காத்த நாட்கள் அவை.

மே இருபதாம் தேதி மாதிரிப் பெட்டி வந்து, தென்காசியில் ஒரு பழைய கிட்டங்கியில் நின்றது. ரயில் திட்டத்தின் ஒப்புதல் குழு பார்த்துக் கையெழுத்துப் போட்டால் அதேபோல் பதினெட்டுப் பெட்டிகளுக்கு ஆர்டர் போய்விடும். அப்புறம் ஒரு திருகாணியைக்கூட மாற்ற முடியாது. முந்திக்கொண்டு உள்ளே ஏறிப் பார்த்தேன். இருக்கையெல்லாம் பஞ்சு மெத்தை, மேலே நீலத் துணி.

"இத யாரு சார் கேட்டா?" என்றேன், என் மேலதிகாரி ஸ்டான்லியிடம்.

"பயணிகள் சர்வேல சொகுசு இருக்கை வேணும்னு சொல்லியிருக்காங்க ஈஸ்வரி."

"எப்ப எடுத்த சர்வே?"

"பிப்ரவரில."

பிப்ரவரியில் குற்றாலத்தில் யார் இருப்பார்கள்? குரங்கு இருக்கும்.

"சார், சாரல் நேரத்துல வாறவன் உடம்பு பூரா எண்ணெயோட குளிச்சிட்டு, ஈரத்துணியோட ஏறுவான். துண்டைக்கூடப் பிழிய மாட்டான். இந்தத் துணி என்னத்துக்கு ஆகும்? சாரல் வரட்டும், அப்ப சோதனை வைப்போம். என் இருபத்தொரு நாளையும் எடுத்துக்கிடுதேன்."

கூத்து என்னவென்றால், சோதனைக்கு மே மாதத்தைக் குறித்ததே நான்தான். சென்னையில் ஏசி அறையில் உட்கார்ந்து, வேறு ஏதோ ஊரின் அட்டவணையைப் பார்த்துப் போட்டது. ஜூனில்தான் சாரல் தொடங்கும் என்பது இலத்தூர்க்காரிக்கு மறந்துபோயிருக்கிறது! என் மேலேயே எனக்கு எரிச்சல்.

ஸ்டான்லி கண்ணாடியைக் கழற்றினார். "மொத்தத்தையும் ஒரே இடத்துல செலவழிக்கிற. அதுக்குள்ள நிரூபிக்கலேன்னா இந்தப் பொறுப்பை வேற ஆளுகிட்ட கொடுத்துடுவேன். சம்மதமா?"

"சம்மதம்." வாய் சும்மா இருந்தால்தானே!

ஜூன் பத்து கடைசி நாள். ஒன்பதாம் தேதி வரை சாரல் எட்டிப் பார்க்கவில்லை. குற்றாலம் போய் மெயின் அருவி முன்னால் நின்றேன். நூல் மாதிரி தண்ணீர். வாய்விட்டே திட்டினேன்.

"யாரைத் தாயி வையுத?" என்று ஒரு குரல். எண்ணெய் தேய்த்துவிடும் குத்தாலிங்கம் அண்ணாச்சி, ஆளில்லாமல் சும்மா உட்கார்ந்திருந்தார்.

"மலையைத்தான் அண்ணாச்சி." முழுக்கதையையும் கொட்டினேன்.

"அட, இவ்வளவுதானா? சாரல் இல்லேன்னா என்ன, எண்ணெய் இருக்குல்லா! எத்தனை பேரு வேணும்?"

"நாப்பது."

"நம்ம ஊரு ரயிலுக்கு நானூறு பேரு வருவான். நீ தண்ணிய மட்டும் ஏற்பாடு பண்ணு."

கூலி எவ்வளவு என்று கேட்டேன். முறைத்தார்.

மறுநாள் காலை பத்து மணிக்குக் குழுவினர் ஐந்து பேர் வந்தார்கள். தலைவர் வித்யாலட்சுமி மேடம், கஞ்சி போட்ட பருத்திச் சேலையில். கிட்டங்கிக்குப் பின்னால் தண்ணீர் லாரி. உச்சி முதல் உள்ளங்கால் வரை எண்ணெய் பூசிய நாற்பது பேர், குழாய்த் தண்ணீரில் நனைந்து, சொட்டச் சொட்ட ஏறினார்கள். "ஏலே, சன்னலோரம் எனக்கு!" என்று ஒரே ரகளை. கால் மணி நேரம் உட்கார்ந்துவிட்டு இறங்கினார்கள்.

குழுவில் ஒருவர் சொன்னார்: "துணி கிழியலையே. நல்லாத்தானே தாங்குது?" மற்றவர்கள் தலையாட்டினார்கள். ஸ்டான்லி என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். அந்தப் பார்வைதான் எனக்குக் கோபத்தைக் கிளப்பியது.

"சரி, இப்ப வண்டி தென்காசி வந்திட்டு. அவங்க இறங்கிட்டாங்க. அடுத்து ஏறுதது நீங்க, ஆபீஸுக்குப் போகணும். உக்காருங்க."

ஒருவரும் அசையவில்லை. கிழியவில்லை என்றவர் மெத்தையை விரலால் அமுக்கினார். எண்ணெயும் தண்ணீருமாகப் பொங்கியது. வித்யாலட்சுமி மேடம் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார்.

"உக்காருங்க மேடம். வருஷம் பூரா இந்த ரயிலைத் தாங்கப்போறது அருவிக்கு வாறவன் இல்ல, தினமும் வேலைக்குப் போறவதான். ஒரு நாள் சேலை பாழாச்சுன்னா மறுநாள் பஸ்ஸுக்குப் போயிருவா."

"உக்காரணும்னா நீங்களும் எண்ணெய் தேய்ச்சிக்கிடுங்க, பொறவு ஒண்ணும் தெரியாது!" என்று வெளியிலிருந்து அண்ணாச்சி கத்தினார்.

மேடம் சிரித்துவிட்டார். ஸ்டான்லியிடமிருந்து ஆர்டர் கோப்பை வாங்கினார். "மெத்தை வேண்டாம். தண்ணி நிக்காத ஃபைபர் இருக்கை, தரையில வடிகால்," என்று சொல்லிக்கொண்டே எழுதியவர் நிமிர்ந்தார். "கையில ஒரு நாள்கூட மிச்சமில்லை. இனி தாமதமானா யார் பதில் சொல்றது?"

"நான்," என்றேன். "எங்க ஊரு மேடம். ஒரு நாள் பிந்தாது."

ஸ்டான்லி மேடத்தின் பேனா மூடியை என்னிடம் நீட்டிப் பிடிக்கச் சொன்னார். எத்தனையோ காகிதங்களில் என் பெயரைப் பார்த்திருக்கிறேன். அன்றுபோல் நெஞ்சு நிமிர்ந்ததில்லை. பொறுப்பு என்ற இடத்தில் சங்கரேஸ்வரி என்று எழுதி, நாற்பது இருக்கைகளுக்கு நடுவே நின்றபடியே மேடம் கையெழுத்துப் போட்டார்.