லிஜோ விற்க மறுத்த சைக்கிள்

திருவனந்தபுரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போன இடத்தில்தான் ஷைஜாவுக்கு அந்த ஆசை பிடித்தது. மண்டபத்துக்குப் பக்கத்து மைதானத்தில் சைக்ளோகிராஸ் போட்டி நடந்துகொண்டிருந்தது. சேறு, மணல், புல் என்று எதையும் பார்க்காமல் சைக்கிளை விட்டார்கள். குறுக்கே மரத்தடுப்பு வந்தால் குதித்து இறங்கி, சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினார்கள். தலை முதல் கால் வரை சேறான ஒரு பெண், பல் மட்டும் வெள்ளையாகத் தெரியச் சிரித்துக்கொண்டே கடந்து போனாள். ஷைஜா பட்டுச்சேலையோடு வேலியைப் பிடித்து நின்றவள், பந்தியையே மறந்துவிட்டாள்.

திரும்பும் வழியில் ஸ்கூட்டரின் பின்னாலிருந்து, "எனக்கு அதுபோல ஒண்ணு வேணும்" என்றாள்.

"பொண்ணு உடுத்திருந்த சேலையா?" என்றான் கணவன் எட்சன்.

"சைக்கிள்."

எட்சன் ஸ்கூட்டரை ஓரமாக நிறுத்தி அவள் முகத்தைப் பார்த்தான். முப்பத்திரண்டு வயது, மார்த்தாண்டத்தில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை, எல்லாவற்றிலும் நிதானமானவள். இப்போது கண்கள் பளபளத்தன. அவன் வண்டியைக் கிளப்பினான். சொந்த ஊரான புதுக்கடை வந்து சேர்வதற்குள், புது ஃபிரிட்ஜுக்கு எடுத்து வைத்த முப்பதாயிரம் சைக்கிளுக்கு என்று முடிவாகிவிட்டது. பழைய ஃபிரிட்ஜ் குளிரத்தானே செய்கிறது என்று எட்சனே சொன்னான்.

முதலில் களியக்காவிளையில் ஒரு பெரிய கடைக்குப் போனார்கள். ஆட்டுக்கொம்பு போல் வளைந்த ஹேண்டிலோடு ஒரு சைக்கிள் மினுங்கியது. விலையும் கைக்கு எட்டியது. ஷைஜா குனிந்து, டயருக்கும் மேலே இருந்த கம்பிக்கும் நடுவே விரலை நுழைத்துப் பார்த்தாள். நுழையவில்லை.

"இதுல சேறு அடைச்சா சக்கரம் சுத்தாதே" என்றாள்.

"சேத்துல எதுக்கு மேடம் போறீங்க? நல்ல ரோடு கெடக்குல்லா" என்றார் கடைக்காரர். "கேரியரும் ஸ்டாண்டும் சும்மா போட்டுத் தாறேன்."

ஷைஜா சைக்கிளைத் தூக்கித் தோளில் போட்டுக் கடைக்குள் நாலு எட்டு நடந்தாள். அரிசி மூட்டை போலக் கனத்தது. கடைக்காரர் எட்சனைப் பார்த்து, "ஓட்டத்தான வாங்குறாங்க?" என்று கேட்டார். எட்சன் சிரிப்பை அடக்க வெளியே போய் நின்றான். அசல் சைக்ளோகிராஸ் வண்டி ஒன்றும் அங்கே இருந்தது. அதன் விலையைக் கேட்டதும் ஷைஜாவும் வெளியே வந்துவிட்டாள்.

அந்த வாரமே ஃபோனில், பழைய சைக்ளோகிராஸ் சைக்கிள் ஒன்று விற்பனைக்கு என்று ஒரு விளம்பரம் பார்த்தாள். மண்டைக்காட்டுக்குப் பக்கத்தில், கடற்கரையில் லிஜோ என்பவனின் வீடு. கத்தாரில் வேலை பார்த்தபோது தொப்பையைக் குறைக்க வாங்கிய சைக்கிளாம். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் இருவரும் போனார்கள். சைக்கிள் வாசல் வராந்தாவான சிட்டவுட்டில் நின்றது. ஹேண்டிலில் இரண்டு நைட்டிகள் காய்ந்தன. லிஜோவின் மனைவி ஜின்சி அவசரமாக அவற்றை எடுத்தாள்.

"இவியளுக்குத் தொப்பையும் கொறயல்ல, சைக்கிளும் ஓடல்ல. எனக்குத் துணி காயப்போடத்தான் ஒதவிச்சு" என்றாள்.

சங்கிலி துருப்பிடித்திருந்தது. டயர் தேய்ந்திருந்தது. ஆனால் டயருக்கு மேலே ஷைஜாவின் இரண்டு விரல்கள் தாராளமாக நுழைந்தன. சங்கிலியும் டயரும் மாற்றிக்கொள்ளலாம். இந்த இடைவெளியை யாராலும் மாற்ற முடியாது. தூக்கிப் பார்த்தாள். தோளில் ஒரு பள்ளிக்கூடப் பை அளவுதான் கனம். ஏறி உட்கார்ந்தாள். கால் சரியாக எட்டியது.

"ஓட்டிப் பாக்கட்டா?"

"பாருங்கக்கா. தோப்பச் சுத்தி வாருங்க" என்றான் லிஜோ.

வீட்டுக்குப் பின்னால் தென்னந்தோப்பு. காலையில் பெய்த மழையில் நடுவே குளம்போல் நீர் தேங்கியிருந்தது. ஷைஜா மணலில் இறங்கியதும் முன்சக்கரம் பாம்பாக நெளிந்தது. ஒரு தென்னையைத் தோளால் உரசி விழுந்தாள், எழுந்தாள். தேங்கிய நீரில் நேராக விட்டாள். தண்ணீர் இருபுறமும் சிறகாக எழுந்தது. இடிந்த மதில் வந்ததும் குதித்து, சைக்கிளைத் தோளில் மாட்டி, அந்தப் பக்கம் தாவினாள். சுற்றி வந்து நின்றபோது மூச்சு வாங்கியது. சிரிப்பில் பேச்சு வரவில்லை.

லிஜோ வாயைத் திறந்தபடி நின்றான். "இது இப்படியா ஓடும்?" என்றான். பிறகு மெல்ல, "அக்கா, ஒண்ணும் நெனைக்காதீங்க. நான் குடுக்கல்ல" என்றான்.

ஷைஜாவின் முகம் விழுந்தது. ஜின்சி இடுப்பில் கை வைத்தாள்.

"செரி. அக்கா போன வழியில நீங்களும் ஒரு சுத்து போங்க. சைக்கிளத் தூக்கிட்டு மதிலத் தாண்டி வந்தா சைக்கிள் இஞ்ச கெடக்கட்டு. இல்லன்னா அக்கா கொண்டுபோகட்டு."

லிஜோ லுங்கியை மடித்துக் கட்டி ஏறினான். மணலில் நன்றாகவே போனான். நீரின் நடுவே வந்ததும் வெற்றி பெற்றவன்போல் ஒரு கையைத் தூக்கினான். அவ்வளவுதான். சைக்கிள் ஒரு பக்கம், லிஜோ ஒரு பக்கம். இடுப்பளவு சேற்றுநீரில் உட்கார்ந்தவன் எழ முயலவே இல்லை. குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான்.

ஷைஜா ஓடிப்போய் முதலில் சைக்கிளைத் தூக்கினாள்.

"ஆளத் தூக்காம சைக்கிளத் தூக்குதாவ, பாத்தியா" என்றான் லிஜோ, இன்னும் பலமாகச் சிரித்து. "கொண்டுபோங்கக்கா. ஒங்களுக்குத்தான் அது."

"வெள்ளத்துல முங்கின வண்டில்லா, வெலயக் கொஞ்சம் கொறைக்கணும்" என்றான் எட்சன். லிஜோ சேற்றிலிருந்தே தலையாட்டினான். புது டயருக்கும் சங்கிலிக்கும் பணம் மிஞ்சியது.

கிளம்பும் நேரத்தில் ஜின்சி தயங்கித் தயங்கி, "ஒரே ஒரு சுத்து" என்றாள். போனவள் இரண்டாவது சுற்றும் போனாள், மூன்றாவதும் போனாள். இறங்கியதும் கணவனிடம், "இதுபோல ஒண்ணு இப்ப என்ன வெல வரும்?" என்று கேட்டாள். லிஜோ தலையைத் துவட்டுவதை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தான்.

ஷைஜா சைக்கிளிலேயே வீட்டுக்குப் புறப்பட்டாள். எட்சன் ஸ்கூட்டரில் பின்னால் வந்தான். வழியில் தார்ச்சாலையை விட்டு ஒரு கால்வாய்க்கரை பிரிந்தது. மழையில் குழைந்து, மாடுகள் மிதித்து, முழுக்கச் சேறாகக் கிடந்தது.

"ஏட்டி, ரோடு இஞ்சல்லா" என்று எட்சன் கத்தினான்.

அவள் ஏற்கெனவே சைக்கிளோடு சேற்றில் இறங்கியிருந்தாள்.