நாற்பத்தாறாவது கேன்

எழுபத்திரண்டு மணி நேரம். மாட்டுக்கு ஊசி போட்டால் அவ்வளவு நேரம் அதன் பால் எங்கள் நிலையத்துக்குள் வரக்கூடாது. வாசல் பலகையில் அப்படித்தான் எழுதியிருக்கிறது. சங்கத் தலைவர் ருசோக்கே தன் கையால் எழுதிய எழுத்து.

பசேமேரா திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குத் தன் பசுவுக்கு மடிநோய் ஊசி போட்டாள். வியாழக்கிழமை காலை ஏழு நாற்பதுக்குக் கேனைச் சுமந்துகொண்டு வந்தாள். எழுபத்திரண்டு மணி நாற்பது நிமிடம். அன்று மாலை அறுநூறு லிட்டர் தயிர் உறையவில்லை.

நல்ல தயிரில் கரண்டியை நட்டுவைத்தால் நிற்கும். கலீசா நட்ட கரண்டி மெதுவாகச் சாய்ந்து மூழ்கியது. தொட்டியைப் பார்த்துக்கொள்பவர் அவர்தான். கையை உள்ளே விட்டுக் கரண்டியைத் தேடி எடுத்து, சட்டையில் துடைத்தார்.

"மூணாவது தடவை" என்றார்.

ஊசி மருந்து பாலில் கலந்தால் உறை செத்துவிடும். பால் பாலாகவே நிற்கும். காய்ச்சினாலும் மருந்து போகாது. பிப்ரவரியில் முதல் தடவை உறையாதபோது மின்சாரம் போனதைச் சொன்னோம். ஏப்ரலில் உறை பழசு என்றோம். இந்தத் தடவை மின்சாரம் இருந்தது. உறை புதுசு.

என் பெயர் அசேகேனே. ஊர் கிழக்கே, தேசோ. இங்கிருந்து இரண்டு பஸ், ஒரு முழுப் பகல். உணவு அறிவியல் படித்துவிட்டு இந்த மலையடிவாரத்துக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது. காலை ஆறிலிருந்து ஒன்பது வரை கேன்கள் வரும். ஒவ்வொன்றும் என் மேசைக்கு வரும். தண்ணீர் கலந்திருக்கிறதா, திரிந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, ஒரு துளியை ஊதா நிறக் குப்பியில் விட்டுச் சுடுநீரில் வைப்பேன். மூன்று மணி நேரத்தில் ஊதா மஞ்சளானால் பாலில் மருந்து இல்லை. ஊதாவாகவே நின்றால் இருக்கிறது.

வேலை எனக்குப் பிடித்தது. குப்பிகளோடு பேச வேண்டியதில்லை.

இந்த மலையடிவாரத்துத் தோரோக்காரர்களுக்குப் பெயரோடு ஒரு செல்லப்பெயரும் உண்டு. மொத்தம் பன்னிரண்டுதான்; ஊரே அந்தப் பன்னிரண்டுக்குள் அடக்கம். அதைச் சேர்க்காமல் யாரையும் விசாரிக்க மாட்டார்கள். "ராத்திரி எப்படிப் போச்சு, அத்யேரி?" "நல்லாப் போச்சு, அராலி." வரிசை முழுக்க இப்படியே நகர்ந்து என் மேசைக்கு வரும். "ராத்திரி எப்படிப் போச்சு..." என்று தொடங்கி, பெயர் வரவேண்டிய இடத்தில் வாய் நின்றுவிடும். சிறிய இடைவெளிதான். பிறகு "ம்" என்றோ "பிள்ளை" என்றோ முடிப்பார்கள். ஒவ்வொரு காலையும் அந்த இடைவெளியை நாற்பது தடவைக்கு மேல் கேட்பேன்.

வெளியூர்க்காரர்களுக்கும் அந்தப் பெயரைக் கொடுக்கலாம். அதற்கு ஒரு வீட்டில் விருந்து வைக்க வேண்டும். கேழ்வரகுக் களியும் நெய்யும் பரிமாறி, எல்லோரும் கூடிப் பெயரைத் தேர்ந்து கூப்பிடுவார்கள். ருசோக்கே முதல் மாதமே சொன்னார்: "எங்க வீட்லயே வெச்சுக்கலாம். என் பொண்ணு மாதிரி." பிறகு அறுவடை வந்தது, மழை வந்தது, அவர் தம்பிக்கு உடம்பு சரியில்லாமல் போனது. இரண்டு வருடம் ஓடிவிட்டது.

பசேமேரா விருந்துக்கெல்லாம் காத்திருக்கவில்லை. அவளுக்கு இரண்டே மாடு, நீளமான நாக்கு. கேனை மேசையில் வைக்கும்போதே தினம் ஒரு பெயரை என்மேல் போட்டுப் பார்ப்பாள்.

"இன்னிக்கி அப்வோலி. பூனை மாதிரி சத்தமே இல்லாம நிக்கிறே பாரு."

மறுநாள், "அமோட்டியா? வேணாம், அது ராஜா வீட்டுப் பேரு. உன் செருப்பு ஒத்துக்காது."

இன்னொரு நாள், "அராலின்னு வெச்சிரலாமா? இடின்னு அர்த்தம். எங்கே, ஒரு தடவை இடி மாதிரி பேசு பாப்போம்."

வரிசை சிரிக்கும். நானும் சிரிப்பேன், தலையைக் குனிந்துகொண்டு. அவளுடைய பாலை மற்றவர்கள் பாலைவிடச் சற்று அதிக நேரம் சோதிப்பேன். அவள் நின்று பேசுவாள் என்பதால்.

முன்பெல்லாம் இங்கே கறந்த பால் டேங்கரில் தலைநகருக்குப் போய்விடுமாம். எங்கள் மலையைப் பார்த்தபடி இருக்கும் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் கடல் தாண்டி வந்த பால்பவுடரைக் கரைத்துக் குடித்தார்களாம். ருசோக்கே வீடு வீடாக ஏறி இறங்கி தன்னையும் சேர்த்து நாற்பத்தாறு பேர் கொண்ட சங்கம் கட்டினார். தன்னுடைய நீளக்கொம்பு மாடுகளில் ஐந்தை விற்றுத்தான் தயிர்த் தொட்டிக்கு முன்பணம் கட்டினார். இப்போது பதினான்கு பள்ளிகளுக்கு எங்கள் தயிர் போகிறது. இன்னொரு தடவை தவறினால் மறுபடி பவுடர்தான் என்று பள்ளிகள் எழுதிவிட்டன.

அவருடைய கேன் ஆறரைக்கு பிக்கப்பில் வரும். மற்றவர்களுடையதைப்போல வரிசைக்கு வராது. பின்வாசலில் இறக்கி, கலீசா நேராகக் குளிரூட்டும் தொட்டியில் ஊற்றிவிடுவார். நான் வந்த முதல் நாள் சோதனைக் கருவியை எடுத்துக்கொண்டு பின்வாசலுக்குப் போனேன். கலீசா என் கையைப் பார்த்துச் சிரித்தார்.

"அது தலைவர் பாலும்மா. நீ மேசைக்குப் போ."

போனேன். மறுநாள் கேட்கவில்லை. அதற்கு மறுநாளும் கேட்கவில்லை. ஒரு வாரம் கேட்காமல் இருந்த பிறகு கேட்பதற்கு ஒரு காரணம் தேவைப்பட்டது. ஒரு மாதத்துக்குப் பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. அதோடு, ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வீட்டில்தான் எனக்குச் சாப்பாடு. வாரத்தில் அந்த ஒரு வேளைதான் நான் தனியாகச் சாப்பிடுவதில்லை. அவருடைய மனைவி என் தட்டைப் பார்த்துக்கொண்டே இருப்பார். காலியானால் கேட்காமல் வைப்பார்.

போன ஞாயிறு சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போனபோது, தொழுவத்து வேலிக்கம்பில் ஒரு காலி மருந்துப் புட்டி கவிழ்ந்திருப்பதைப் பார்த்தேன். ரப்பர் மூடியில் ஊசி குத்திய துளை. மாடு மேய்ப்பவன் கடையில் வாங்கித் தானே போட்டிருப்பான். ருசோக்கேக்குத் தெரிந்திருக்காது. அவர் அன்று முழுவதும் பள்ளிக்கூடங்களைப் பற்றித்தான் பேசினார். நான் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தேன்.

வியாழக்கிழமை மாலை, கரண்டி மூழ்கிய பிறகு, குப்பித் தட்டை மறுபடி எடுத்துப் பார்த்தேன். நாற்பத்தைந்து குப்பிகள். நாற்பத்தைந்தும் மஞ்சள். பசேமேராவின் குப்பி மூன்றாவது வரிசையில், மற்றவற்றைவிட வெளிச்சமான மஞ்சளாக இருந்தது. தட்டை ஜன்னலுக்குக் கொண்டுபோய் இன்னொரு தடவை எண்ணினேன்.

கலீசா பின்னால் வந்து நின்றார்.

"எண்ணாதே" என்றார்.

"உங்களுக்கும் தெரியும்தானே?"

"எனக்கு என்ன தெரியும்? நான் ஊத்துறவன்." தொட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டு, "நீ வெளியூரு. ஒத்து வரலேன்னா பஸ் ஏறிடுவே. நான் இங்கதான் கிடக்கணும். என் ரெண்டு பசங்களுக்கும் ஸ்கூல் சீட்டு வாங்கிக் கொடுத்ததே அவருதான்."

வெள்ளிக்கிழமை காலை மாட்டு வைத்தியரின் நோட்டுப் புத்தகம் வந்தது. அந்த வாரத்தில் எழுதியிருந்தது ஒரே ஊசி. பசேமேராவின் பசு. செய்தி வரிசை முழுக்கப் பரவ அரை மணி நேரம்கூட ஆகவில்லை. தயிரைக் கெடுத்தவருக்கு உறுப்பினர் உரிமை போய்விடும். அது சங்க விதி; சனிக்கிழமைக் கூட்டத்தில் முடிவாகும். அதன்பிறகு அவள் பாலை சைக்கிளில் வரும் பால் வியாபாரியிடம்தான் ஊற்ற வேண்டும். அவன் எடுக்கும் நாளில் எடுப்பான், எடுக்காத நாளில் மணியடித்துக்கொண்டே போய்விடுவான்.

அவள் கேனோடு வந்தாள். வாசலில் நிறுத்திவிட்டார்கள். யாரும் அவளை விசாரிக்கவில்லை. அவளுடைய செல்லப்பெயரை அன்று ஒருவரும் சொல்லவில்லை. முதல் தடவையாக அந்த இடைவெளி வேறொருவருக்கு விழுந்ததைப் பார்த்தேன்.

கேனை வாசலிலேயே வைத்துவிட்டு நேராக என் மேசைக்கு வந்தாள். இடுப்புத் துணியிலிருந்து ஒரு வாழைநாரை எடுத்து விரித்தாள். அதில் ஆறு முடிச்சு.

"எண்ணு."

"ஆறு."

"திங்கக்கெழம காலை கறவைல ஆரம்பிச்சு ஒவ்வொரு கறவைக்கும் ஒண்ணு. ஆறு கறவை. ஆறையும் வாழை மூட்டுல கொட்டினேன். பேரன் பால் கேட்டு அழுதான், அவனுக்கும் குடுக்கல. ஏழாவது கறவையத்தான் கொண்டுவந்தேன். கணக்கு சரியா, படிச்ச பொண்ணே?"

"சரி."

"உன் குப்பி என்ன சொல்லுச்சு?"

"மஞ்சள்."

"அப்ப நாளைக்குக் கூட்டத்துல அதைச் சொல்லு. எனக்கு வேற ஒண்ணும் வேணாம்." நாரைச் சுருட்டி மறுபடி இடுப்பில் செருகினாள். போவதற்கு முன் என்னை ஒரு நிமிடம் பார்த்தாள். அன்று எந்தப் பெயரையும் போட்டுப் பார்க்கவில்லை.

மதியம் ருசோக்கே வந்தார். முகம் வாடியிருந்தது. பள்ளிக்கூடங்களுக்குப் போய் நேரில் மன்னிப்புக் கேட்டுவிட்டு வருகிறார். ஆனாலும் என்னைப் பார்த்ததும் சிரித்தார்.

"ஞாயித்துக்கெழம மறந்துறாதே. வீட்ல கேழ்வரகு அரைச்சாச்சு. இனி தள்ளிப்போட மாட்டேன். உனக்கு ஒரு பேரு வெச்சுட்டுத்தான் மறுவேலை."

"சரி" என்றேன். நன்றி என்றும் சொன்னேன். உண்மையாகவே சொன்னேன்.

அன்று அறைக்குப் போய் வாழைக்காயை வேகவைத்தேன். அரைவாசி சாப்பிட்டேன். ஊரிலிருந்து அப்பா போன் செய்தார். அங்கே மழை இல்லையாம். எள் காய்கிறதாம். நான் எப்படி இருக்கிறேன் என்று கேட்டார். நன்றாக இருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை எனக்குப் பெயர் வைக்கிறார்கள் என்றேன். அவர் சிரித்து, "நான் வெச்ச பேரு என்னத்துக்கு ஆச்சு?" என்றார்.

சனிக்கிழமை பத்து மணிக்குக் கூட்டம். சங்கத்துக் கொட்டகையில் பெஞ்சுகள் போதாமல் கேன்களைக் கவிழ்த்து உட்கார்ந்தார்கள். பசேமேரா கடைசியில், யாரும் பக்கத்தில் இல்லாத ஒரு கேன்மேல் உட்கார்ந்திருந்தாள். நான் சுவரோரம் குப்பித் தட்டை மடியில் வைத்துக்கொண்டிருந்தேன்.

ருசோக்கே எழுந்து பசேமேரா பக்கம் திரும்பினார். கோபமாகப் பேசவில்லை. அவர் எப்போதுமே கோபமாகப் பேச மாட்டார்.

"அத்யேரி, உன்மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. ஆனா விதி எல்லாருக்கும் ஒண்ணு. என் மகனா இருந்தாலும் இதேதான். நாம ஆளுக்கொரு மாதிரி நடந்தா இந்தத் தொட்டி நாளைக்குத் துருப்பிடிச்சு நிக்கும். நம்ம பிள்ளைங்க திரும்பவும் பவுடர் குடிக்கும்."

எல்லோரும் தலையசைத்தார்கள். நானும் அசைத்தேன். அவர் சொன்னது சரி.

பசேமேரா ருசோக்கேயை நோக்கி நாரை உயர்த்திப் பிடித்தாள். "ஆறு முடிச்சு, அராலி. என் குப்பி மஞ்சள். அந்தப் பொண்ணக் கேளுங்க."

"முடிச்சு யார் வேணா போடலாம்" என்றது ஒரு குரல். இன்னொன்று, "நாரு பேசுமா?" என்றது. சிலர் சிரித்தார்கள்.

ருசோக்கே கையமர்த்தினார். என் பக்கம் திரும்பினார்.

"எழுந்திரும்மா. பயப்படாதே. அவ குப்பி மஞ்சளா?"

எழுந்தேன். தட்டில் குப்பிகள் ஒன்றோடொன்று இடித்துச் சத்தம் போட்டன. "மஞ்சள்" என்றேன். யாருக்கும் கேட்கவில்லை. மறுபடி சொன்னேன்.

"மத்ததெல்லாம்?"

"எல்லாம் மஞ்சள்."

கொட்டகையில் முணுமுணுப்பு எழுந்தது. "அப்ப குப்பியே பொய்" என்றார் யாரோ. "வெளியூருக் குப்பிக்கு நம்ம மாடு தெரியுமா?"

ருசோக்கே யோசித்தார். நெற்றியைத் தடவினார். நியாயமாக இருக்க விரும்பும் மனிதர் அவர். அதை இன்றைக்கும் நான் மாற்றிச் சொல்ல மாட்டேன்.

"குப்பி பொய் சொல்லாது. அதை நாமதான் காசு போட்டு வாங்கினோம்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, மெதுவாக, பாடம் தெரிந்த பிள்ளையிடம் கேட்பதுபோல, "நீயே சொல்லு..." என்றார். அந்த இடைவெளி வந்தது. நாளை நிரப்புவதாக இருந்த இடைவெளி. "அன்னிக்கி வந்த எல்லாக் கேனையும் பார்த்தேதானே?"

அவர் முகத்தில் எந்த மறைப்பும் இல்லை. தன் கேனை அவர் கணக்கில் சேர்க்கவே இல்லை. சேர்க்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. இரண்டு வருடமாக யாரும் தோன்றவைக்கவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் கலீசா தொட்டியைக் கழுவும் சத்தம் நின்றிருந்தது. பசேமேரா நாரை இன்னும் இறக்கவில்லை.

அரைத்து வைத்த கேழ்வரகை நினைத்தேன். காலியானால் கேட்காமல் நிரம்பும் தட்டை நினைத்தேன்.

"இல்லை, அராலி" என்றேன். இந்தத் தடவை எல்லோருக்கும் கேட்டது. "நாப்பத்தஞ்சுதான் பார்த்தேன். உங்க கேனை நான் வந்த நாள்லருந்து ஒரு தடவைகூடச் சோதிச்சதில்லை."